சாமியண்ணன் மூடிய கடைகள்

சுவாமிநாதன் முதன்முதலாக வரிச்சிக்குடியில் டாக்டர் வெண்மதியின் கிளினிக்குக்கு வந்தபோது, மற்றவர்களைப் போலவே டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் அங்கிருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நடவு வேலையிலிருந்து சேறு காயாத காலோடு வந்திருந்த பெண்கள், காய்ச்சல் குழந்தையை மடியில் வைத்திருந்தவள், இருமிக்கொண்டிருந்த பெரியவர், எல்லோரும். "உக்காருங்க, நானும் சீக்காளிதான்" என்று அவர் சொல்லியும் யாரும் உட்காரவில்லை.

கூடம் திடீரென்று அமைதியானதால்தான் வெண்மதி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, ஒல்லியான உடம்பு, கால் பெருவிரலில் அழுக்குத் துணி சுற்றிய கட்டு. காரைக்காலில் அந்த முகத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. எல்லோருக்கும் அவர் சாமியண்ணன்.

ஒரு காலத்தில் சாராயக்கடை வாசலில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்தவர். இப்போது மாவட்டம் முழுக்க மூணு நம்பர் லாட்டரி அவர் கையில் இருந்தது. சட்டப்படி அதற்குத் தடை. ஆனால் ரீசார்ஜ் கடைக்குப் பின்புறம், டீக்கடை ஓரம், ஜெராக்ஸ் கடை மேஜைக்கடியில் என்று எங்கே போனாலும் மூன்று எண்களைச் சொல்லிப் பணம் கட்டலாம். மதியம் செல்போனில் முடிவு வரும். அவரை எதிர்த்துத் தொழில் செய்யப் பார்த்த இரண்டு பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள் என்பார்கள். எங்கே போனார்கள் என்று யாரும் கேட்டதில்லை. தேர்தலில் ஜெயிக்கிற கட்சியில் சாமியண்ணன் இருப்பார் என்பது ஊர்ப் பேச்சு.

வெண்மதி கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்துவிட்டு, "சுகர இப்படி வச்சிக்கிட்டு செருப்பு இல்லாம நடக்கிறீங்களா? வெரல எடுக்கணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாதான் போடுவீங்களா?" என்று அதட்டினாள். கூட வந்திருந்த கையாள் சோமு பதறிப்போய் அண்ணன் முகத்தைப் பார்த்தான். சாமியண்ணன் சிரித்தார். அவரை அதட்டுவதற்கு ஆளில்லாமல் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு மாதாமாதம் வந்தார்.

சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய மாதத்தில், மருந்துச் சீட்டை வாங்கிய பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தடவ நம்ம தொகுதியில நீங்க நிக்கணும் டாக்டரம்மா."

வெண்மதிக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் குரும்பகரத்தில் குத்தகை நிலத்தில் நெல் போட்டவரின் மகள். அந்தக் குடும்பத்தில் முதலில் டாக்டருக்குப் படித்தவள். சுற்றுவட்டாரத்தில் அவள் கைபடாத பிள்ளை குறைவு. அவளுக்கு அரசியலில் தெரிந்ததெல்லாம் ஓட்டுப் போடுவது மட்டும்தான்.

சிரிப்பு அடங்கியதும் மாரிக்கண்ணு நினைவுக்கு வந்தான். அறுப்புக்கூலி முழுவதையும் மூன்று எண்களில் தொலைத்துவிட்டு எலிமருந்தைக் குடித்த விவசாயக் கூலி. போன வாரம் அவனை ஒரு பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே சாய்த்துக் கொண்டுவந்தார்கள். மனைவி ராசாத்தி பின்னாலேயே ஓடிவந்தாள். அவன் பிழைத்ததே பெரிய காரியம்.

"மொதல்ல உங்க நம்பர் கடையெல்லாம் மூடுங்க. அப்பறம் பேசுவோம்" என்றாள். கோபத்தில் சொன்னதுதான்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்தார். "சோமு, கடைய எல்லாம் எடுத்துரு. ஆமா, எல்லாந்தான். ஏன்னு கேக்காத." போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "மாத்திரை அதேதானே, மாத்தலியே?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவள் அதை நம்பவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பட்டினச்சேரியில் மீனவப் பெண்களுக்கு மருத்துவ முகாம் இருந்ததால் கணவர் கார்த்திகேசன் கார் ஓட்ட, இருவரும் காலையிலேயே புறப்பட்டார்கள். கார்த்திகேசன் பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். எதையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார்.

கிளினிக்குக்கு எதிரே இருந்த ரீசார்ஜ் கடையில் ஷட்டர் இறங்கியிருந்தது. கோட்டுச்சேரியில் பஸ் ஸ்டாப்பை ஒட்டியிருந்த இரண்டு கடைகளும் மூடிக் கிடந்தன. காரைக்கால் கடைத்தெருவில் எப்போதும் ஆண்கள் மொய்த்துக்கொண்டு நிற்கும் டீக்கடையில் அன்று டீ மட்டும்தான் விற்றார்கள். டீ மாஸ்டர் ஓய்வாக வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரசலாற்றுப் பாலம் தாண்டி நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று போகப் போக வெண்மதி பேசுவதை நிறுத்திவிட்டாள். எந்த ஊரிலும் ஒரு கடை இல்லை. கடை இருந்த இடத்தில் சுவரில் ஒட்டியிருந்த எண் அட்டவணைகளைக்கூடக் கிழித்துச் சுத்தம் செய்திருந்தார்கள். பட்டினச்சேரியில் படகு நிழலில் உட்கார்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஆட்கள் அன்று வலையைப் பிரித்துப்போட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

காரை நிறுத்திய பிறகும் அவள் இறங்கவில்லை. புயலுக்கு முன்னால் கடல் உள்வாங்கியதை ஒருமுறை பார்த்திருக்கிறாள். அப்போதும் இப்படித்தான் பயமும் வியப்பும் கலந்து மூச்சை அடைத்தது.

"ஒரு போன்தாங்க பண்ணாரு" என்றாள்.

"அதான் எனக்கும் ஒதறுது" என்றார் கார்த்திகேசன்.

சாமியண்ணன் அவள் கிளினிக்குக்கு வந்துபோவது தெரிந்த ஒரு போலீஸ் அதிகாரி மாலையில் அவளைப் போனில் கூப்பிட்டார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. என்ன ஆச்சுன்னு உங்களுக்கு எதாச்சும் தெரியுமா? நாங்களும் எத்தனையோ ரெய்டு பண்ணிப் பாத்துட்டோம். ஒரு கடைய ஒரு வாரம் மூடி வைக்க முடியல." அவர் குரலில் பொறாமைகூட இருந்தது.

அடுத்து வந்த நாட்களை வெண்மதி மறக்க மாட்டாள். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று சாயங்காலம் வரும் பெண்கள் குறைந்தார்கள். ராசாத்தி ஒருநாள் முருங்கைக்கீரையோடு வந்து, "அவரு பொழுதோட வீட்டுக்கு வந்துடறாரு டாக்டரம்மா. என்ன பண்றதுன்னு தெரியாம ஆட்டுக்கொட்டாயப் பிரிச்சு மறுபடியும் கட்டுறாரு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, தேர்தலில் நின்றால்தான் என்ன என்று வெண்மதி நினைத்தாள்.

"ஒரு வார்த்தையில மூடினவரு ஒரு வார்த்தையில தொறப்பாரு மதி" என்றார் கார்த்திகேசன்.

"மூடி இருக்கிற வரைக்கும் நல்லதுதானேங்க?"



சாமியண்ணன் தன் ரைஸ்மில்லுக்கு அவளை வரச் சொல்லியிருந்தார். ஆபீஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஆளுங்கட்சிக்காரர். இன்னொருவர் எதிர்க்கட்சிக்காரர். போன வாரம்தான் மேடை போட்டு ஒருவரையொருவர் திருடன் என்றவர்கள். வெண்மதியைக் கண்டதும் இருவரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கும்பிட்டார்கள். அவள் எந்தக் கட்சியில் நிற்கப்போகிறாள் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. அதை முடிவு செய்கிறவர் உள்ளே இருந்தார்.

அவர் மறைக்காமல் பேசினார். கடலில் ஒரு சூதாட்டக் கப்பல் வரப்போகிறது. வெளியூர்ப் பணக்காரர்கள் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். அதை அனுமதிக்கச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் வரும்.

"அன்னைக்கு ஒரு நாளு கைய தூக்குனா போதும். மத்தபடி அஞ்சு வருஷமும் ஊருக்கு என்ன வேணுமோ செய்ங்க, நான் குறுக்க வரமாட்டேன். நம்பர் கடை தொறக்காது. ஏழ காசு எனக்கு வேண்டாம்னு ஆயிட்டு. உங்களுக்கும் அதானே வேணும்?"

"நான் முடியாதுன்னா?"

"நாளைக்குக் காலையில தொறந்துடும்" என்றார், மழை வரும் என்பதுபோல. "உங்க மேல எனக்கு வருத்தம் எதுவும் இருக்காது."

"வெளிய ரெண்டு பேரு இருக்காங்களே. அவங்க கை தூக்க மாட்டாங்களா?"

"தூக்குவாங்க. ஆனா அவங்க தூக்குனா காசு வாங்கிட்டான்னு சொல்லுவாங்க. நீங்க தூக்குனா, டாக்டரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சனங்க நெனைக்கும்."

வெண்மதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஜில்லாவின் கடைகளை ஒரே மூச்சில் மூடுகிற மனிதர். இரண்டு கட்சிகளை ஒரே பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுக்கிற மனிதர். அவருக்கே கிடைக்காத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. காய்ச்சல் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பெண்கள் பெருமூச்சு விடுவார்களே, அந்த நம்பிக்கை. அதைப் போன் போட்டு வரவழைக்க அவரால் முடியவில்லை. அதற்காகத்தான் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"நான் நிக்கலீங்க" என்றாள். சொல்லும்போது ராசாத்தியின் சிரிப்பு கண்முன் வந்தது. ஆனாலும் சொன்னாள்.

"சரிங்க" என்றார் அவர். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் காலையில் ஷட்டர்கள் ஏறின. ஏன் ஏறின என்று மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கிளினிக்கில் கூட்டம் குறைந்தது. ஒரு கிழவி மருந்துச் சீட்டை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள். "நின்னிருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சிருக்கும்?" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். ஒரு பள்ளிக்கூட முதலாளி சாமியண்ணனின் வேட்பாளராக நின்று பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். மாரிக்கண்ணு பழையபடி இருட்டிய பிறகு வீட்டுக்கு வரத் தொடங்கினான். ராசாத்தி கிளினிக் பக்கமே வரவில்லை. வெண்மதிதான் அவள் வீட்டுக்குப் போனாள்.

ராசாத்தி பாய் விரித்துப் போட்டாள்.

"மூடுனப்பவும் எங்கள யாரும் கேக்கல. தொறந்தப்பவும் கேக்கல. நீங்களும் கேக்கலியே டாக்டரம்மா."

வெண்மதி அவள் பக்கம் திரும்பினாள். "தப்புதான். இப்ப கேக்கறேன். நான் நின்னிருக்கணுமா?"

"மொதல்ல அப்படித்தான் கோவம் வந்துச்சு." ராசாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்பறம் யோசிச்சேன். என் வூட்டு சிரிப்பு அந்தாளு போன்ல இருக்குதுன்னா, அது என்ன சிரிப்பு?"

அடுத்த வாரம் ராசாத்தியும் வேலை முடிந்து வந்த பெண்களும் வீட்டுக்குப் போகாமல், தங்கள் தெருமுனை நம்பர் கடை வாசலில் உட்கார்ந்தார்கள். கோஷம் எதுவும் இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு, பேன் பார்த்துக்கொண்டு, மாமியார் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போய் எண் சொல்ல எந்த ஆணுக்கும் கூச்சமாக இருந்தது. தன் மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மாரிக்கண்ணு வந்த வழியே திரும்பிவிட்டான். சோமு இரண்டு பையன்களோடு பைக்கில் வந்து மிரட்டிப் பார்த்தான். ஒரு கிழவி அவனிடம் சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டாள். அவன் ஓரமாய்ப் போய் அண்ணனுக்குப் போன் போட்டான். என்ன உத்தரவு வந்ததோ, பேசாமல் கிளம்பிப் போனான்.

தினமும் வந்தார்கள். மழை பெய்த அன்றும் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். ஒரு மாதம் கழிந்து கடைக்காரன் சாமான்களை வண்டியில் ஏற்றினான். மாவட்டம் முழுக்கக் கடைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. அந்தத் தெருவில் மட்டும் இல்லை.

கேள்விப்பட்டு வெண்மதி வந்தபோது, கடை காலியான பிறகும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். பூட்டிய ஷட்டரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, சேறு படிந்த பாதங்கள் வரிசையாகத் தெரிய உட்கார்ந்திருந்தார்கள். அவள் சற்றுத் தள்ளி நின்று அவர்களையே பார்த்தாள். அன்று காரில் வந்த அதே வியப்பு. பயம் துளியும் இல்லை.

"பக்கத்துத் தெருவுல ஒண்ணு தொறந்திருக்கானாம். நாளையிலேர்ந்து அங்க" என்றாள் ராசாத்தி, நகர்ந்து இடம் விட்டபடி. "நிக்கிறீங்களே, உக்காருங்க டாக்டரம்மா."

வெண்மதி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.