இரண்டு ஓட்டு, ஒரே பேனா

"நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. என் சீட்டுல உங்க பேனாவுக்கு என்ன—"

"முதல்ல உக்காரு. உக்காந்து பேசு. ஒரே வேலையா முடிஞ்சுடும்னு தானே—"

"—வேலைன்னு கேக்குறேன்! என் ஓட்டைப் போட்டு எனக்கு வேலை மிச்சம் பண்றாராம்!"

"—ரெண்டையும் சேத்து நிரப்பினேன். நாப்பத்தி நாலு வருஷமா இந்த வீட்டுல ஃபாரம் நிரப்புறது யாரு?"

"ஃபாரம் வேற, ஓட்டு வேற."

"ரெண்டும் காகிதம்தான், லிசி."

எலிசபெத் உட்காரவில்லை. சாப்பாட்டு மேஜையை மூன்றாவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் இரண்டு வாக்குச்சீட்டுகள், பறக்காமலிருக்க உப்பு ஜாடி வைத்து அழுத்தியிருந்தன. இரண்டும் அமெரிக்கத் தேர்தலுக்கானவை. மகன் ஃபெலிக்ஸோடு வட கரோலினாவில் ஒன்பது வருடம் இருந்து, குடியுரிமையும் வாங்கிக்கொண்டு, பனியும் தனிமையும் போதுமென்று இரண்டு வருடத்துக்கு முன்னால் செகந்திராபாத் லோத்குண்டா வீட்டுக்கே திரும்பிவிட்ட தம்பதி அவர்கள். சீட்டுகள் மின்னஞ்சலில் வந்திருந்தன. மாடியில் குடியிருக்கும் சுபாஸ்ரீயின் பிரிண்டரில் அவற்றை எடுத்தாயிற்று. இன்று மதியம் நானக்ராம்குடாவில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் அங்கிருந்து அமெரிக்கா போய்ச் சேரும். இரண்டு மணிக்கு டாக்ஸி வரச் சொல்லியிருந்தார் மோகன். மணி ஒன்று பத்து.

மோகன் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேனாக இருந்தவர். எழுதத் தெரியாத தொழிலாளிகளுக்கு லீவு மனு, சேமநிதி மனு, மகளைக் காலேஜில் சேர்க்கும் மனு என்று அந்நாளில் எழுதித் தள்ளிய கை. அந்தக் கை வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. கேஸ் இணைப்பிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் எலிசபெத்தின் பெயரில் போகிற ஒவ்வொரு ஃபாரத்தையும் அவரே நிரப்புவார். அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி வைப்பார். அவள் குறியைப் பார்ப்பாள், போடுவாள், அடுப்புக்குப் போய்விடுவாள். படிக்கத் தெரியாதவளா என்றால் இல்லை. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அடுத்தவர் பிள்ளைகள் எழுதியதை வரிக்கு வரி படித்துத் திருத்தியவள் தன் பெயரில் போகிறதை மட்டும் படித்ததே கிடையாது.

இன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். முதல் ஓட்டு ஆயிற்றே, சீட்டு எப்படித்தான் இருக்கும் என்ற ஆசை. யானைச் சின்னக் கட்சிக்காரர் பெயருக்குப் பக்கத்தில், கோட்டைத் தாண்டாமல், நீல மையால் வட்டம் நிரம்பியிருந்தது.

"கைக்கு?" என்றாள் இப்போது, மேஜையின் மறுமுனையிலிருந்து. கோபம் வந்தால் ‘ஏன்’ என்பதுகூட இப்படிச் செகந்திராபாத் தெருப் பேச்சில்தான் வரும் அவளுக்கு. "ஏன், எனக்கு வட்டம் நிரப்பத் தெரியாதா? சிட்டிசன் ஆக்குறதுக்கு முன்னாடி அந்த ஆபீசர் கேள்வி கேட்டாரே, நான் ஆறுக்கு ஆறு சொன்னேன். உங்களுக்குத்தான் ஏழாவது கேள்வி தேவைப்பட்டுச்சு."

"அந்தக் கதை இப்ப எதுக்கு? நீ கழுதைச் சின்னத்துக்குப் போடுவ, எனக்குத் தெரியும். நான் யானைக்குப் போடுவேன், உனக்குத் தெரியும். நீயே கணக்கு டீச்சர், சொல்லு. ஒண்ணுல ஒண்ணு போனா?"

"சைபர்."

"சைபரைக் கொண்டுபோய்ச் சேக்கத்தான் நானக்ராம்குடா வரைக்கும் வண்டி பிடிக்கணுமா? அதுக்கு வீட்டுலயே படுத்திருக்கலாம்."

"அப்ப நீங்க படுங்க. நான் போறேன். அப்பவும் ஒண்ணு மிஞ்சும்."

மோகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று ரிமோட்டை எடுத்து டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார். அங்கே ராத்திரி நடந்த தேர்தல் கூட்டத்தை இங்கே காலையிலிருந்து திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுச் சாமானுக்கெல்லாம் வரி போட்டே தீர வேண்டும் என்று யாரோ மேடையில் முழங்க, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தூரத்தில் பட்டாளத்து மைதானத்தில் சுடும் பயிற்சி. அந்தப் பட்பட் சத்தமும் இந்தக் கைதட்டலும் கலந்து வீட்டுக்குள் ஒரு இடம் அமைதியாக இல்லை.

"பாருங்க," என்றாள் எலிசபெத். "உங்க யானை பேசுறதைப் பாருங்க. திறந்த சந்தை, திறந்த சந்தைன்னு தொண்டை கிழியக் கத்துவீங்களே. கதவைச் சாத்து, வரியைப் போடுங்குறாங்க. இது எந்த ஊரு திறந்த சந்தை?"

"அது பேரம் பேசுறதுக்குச் சொல்றது. போட மாட்டாங்க."

"போட மாட்டாங்கன்னா எதுக்குச் சொல்றாங்க? போட்டா என்ன சொல்வீங்க?"

"லிசி, நீ மறந்துட்டே. ஸ்கூட்டருக்கு எழுதி வச்சுட்டு எத்தனை வருஷம் காத்திருந்தோம்? ஏழு. போனுக்கு? ஃபெலிக்ஸ் பொறக்குறதுக்கு முன்னாடி எழுதினது, அவன் மூணாங்கிளாஸ் போறப்பத்தான் மணி அடிச்சுச்சு. சர்க்கார் எல்லாத்தையும் கையில வச்சிருந்த காலம் அது. கதவைத் திறந்து விட்டப்புறம்தானே உன் புள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை, அமெரிக்கா, எல்லாம்? சார்ஜ்மேன் புள்ளைக்கு வேற யாரு கொடுத்திருப்பா?"

இது அவருடைய பலமான இடம். எலிசபெத்துக்கும் தெரியும். அந்தப் போன் வந்த நாளில் தெருவே வந்து எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனது. அதை அவளால் இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் இன்னொரு சுற்று நடந்தாள். நடந்தபோது பழைய வலி ஞாபகம் வந்தது.

"ஹவ், ஆமா, கொடுத்துச்சு. கொடுத்துட்டு என்ன பண்ணுச்சு? என் பித்தப்பையில கல்லுன்னதும் அங்க என்ன விலை சொன்னான்?"

"அதையே எத்தனை தடவை—"

"சாகுற வரைக்கும் சொல்வேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு இருபத்தி ரெண்டு மணி நேரம் பிளேன்ல வந்தேன். டிக்கெட் போட்டது யாரு? நீங்கதான். எங்க வந்து படுத்தேன்? ரயில்வே ஆஸ்பத்திரியில. சர்க்கார் கட்டில், சர்க்கார் டாக்டர், சர்க்கார் கஞ்சி. சந்தைக்காரர் அப்ப எங்க போனாரு? கட்டில் பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தாரு."

"அது நான் முப்பத்தி ஏழு வருஷம் உழைச்சதுக்கு வந்த உரிமை."

"அங்க உழைக்கிறவங்களுக்கு உரிமை கிடையாதா? அதைத்தானே கழுதைக்காரங்க கேக்குறாங்க?"

"கேப்பாங்க, கேப்பாங்க. ஃபெலிக்ஸுக்கு வேலை போனது யாரு ஆட்சியில? சொல்லு. உன் கழுதை ஆட்சியிலதானே?"

"கழுதை யோக்கியம்னு நான் எங்க சொன்னேன்? அனுப்பினது ஆட்சியா, கம்பெனியா?"

"கம்பெனி."

"எங்க அனுப்புச்சு அந்த வேலையை? இங்க. ஹைதராபாத்துக்கு. புள்ளை அங்க உக்காந்துட்டான், அவன் வேலை நம்ம ஊருக்கு வந்துருச்சு. அதுதானே உங்க சந்தை? நான் யாருக்குப் போடுறேன்ங்குறது எனக்கும் கடவுளுக்கும் நடுவுல. இப்ப எனக்கு இந்தச் சீட்டு நக்கோ, வேணாம். வேற சீட்டு வேணும்."

"வேற சீட்டு எங்கிருந்து வரும்? ஒண்ணு தானே அனுப்பினான்?" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். "கையெழுத்துப் போட்டுடும்மா. பென்சில் குறி வச்சிருக்கேன் பாரு. அடுத்த தடவை உன் இஷ்டம்."

"அடுத்த தடவை எனக்கு எழுபத்திரண்டு," என்று சொல்லிவிட்டு எலிசபெத் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வெளிப்படிக்கட்டில் பதினெட்டுப் படி. ஏழாவது படியில் முழங்கால் முனகியது, பொருட்படுத்தவில்லை. சுபாஸ்ரீ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரிடமோ "ஷ்யூர், ஷ்யூர்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து, கையால் உள்ளே கூப்பிட்டாள். கும்பகோணத்துப் பெண். கச்சிபௌலியில் ஒரு அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே செய்வாள். பேச்சு முடிந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்ன ஆன்ட்டி, மூச்சு வாங்குது?"

"காலையில ஒரு காகிதம் எடுத்துக் கொடுத்தியே. அதுல என்னோடது இன்னொரு தடவை வருமா?"

"ஏன், காபி கொட்டிடுச்சா?"

"அங்கிள் கொட்டிட்டார்."

சுபாஸ்ரீ அவள் முகத்தைப் பார்த்தாள். கீழே நடந்த சண்டை மாடிக்குக் கேட்காமல் இருந்திருக்காது. மடிக்கணினியைத் திறந்தாள். மோகன் வாட்ஸப்பில் அனுப்பியது அப்படியே கிடந்தது. பிரிண்டர் ஒருமுறை இருமிவிட்டுத் தாளை இழுத்தது.

"நீ சொல்லு பாப்பா, யாரு வந்தா உனக்கு நல்லது?"

"யாரு வந்தாலும் பயம்தான் ஆன்ட்டி. ஒருத்தர் வந்தா விசாவுல கை வைப்பாங்கறா. இன்னொருத்தர் வந்தா வெளிநாட்டுக்கு வேலை அனுப்பற கம்பெனிக்கு வரி போடுவாங்கறா. எங்க மேனேஜர் தினமும் டி.வி.யைப் பாத்துட்டு வந்து ஒவ்வொண்ணு சொல்றார். எனக்கு ஓட்டே கிடையாது, ஆனா ரிசல்ட் மட்டும் என் வீட்டுக்குத்தான் வருது." சிரித்தாள். "இந்தாங்கோ, சூடா இருக்கு."

எலிசபெத் ஜன்னல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தாள். "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"ஐயோ, நான் பாக்கல."

"பாக்க மாட்டே, தெரியும். இருந்தாலும் திரும்பு. சட்டம்."

சுபாஸ்ரீ சிரித்துக்கொண்டே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எலிசபெத் சீட்டை முதல் எழுத்திலிருந்து படித்தாள். ஜனாதிபதி மட்டுமல்ல; கவர்னர், நீதிபதி, பள்ளிக்கூடக் கமிட்டி என்று பெயர்கள் நீண்டுகொண்டே போயின. தெரியாத பெயர்களைத் தொடவில்லை. தெரிந்ததற்கு வட்டத்தை நிரப்பினாள். மை ஒரு பக்கம் கோட்டைத் தாண்டியது. பள்ளிக்கூடத்தில் என்றால் தானே திட்டியிருப்பாள். கடைசியில் தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்திட்டாள். பென்சில் குறி எதுவும் இல்லாததால் எங்கே போடுவது என்று ஒரு கணம் தேட வேண்டியிருந்தது. மேஜையில் கிடந்த ஒரு கவரில் போட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டியபோது, அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"முடிஞ்சுதா? உங்க முதல் அமெரிக்க ஓட்டா ஆன்ட்டி?"

"முதல். போன தடவை கொரோனா. கூட்டத்துல போய் நிக்க வேணாம், அடுத்த தடவை பாத்துக்கலாம்னுட்டார்."

"அப்ப ரெஜிஸ்டர்ல எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடலாமா? பேரு போட்டா வெப்சைட்லயே வரும்னு அங்கிள் சொன்னாரே." அவளே தட்டினாள். மாநிலம், மாவட்டம், பெயர். "இருக்கு. ஆக்டிவ்னு போட்டிருக்கு. அட்ரஸ் இதுதானே?"

"ஆமா, ஃபெலிக்ஸ் வீடு."

"கீழ இதுவரைக்கும் ஓட்டுப் போட்டது—" சுபாஸ்ரீயின் குரல் இறங்கியது. "ஆன்ட்டி, இதுல ஒண்ணு இருக்கே. இரண்டாயிரத்து இருபது, நவம்பர். தபால் ஓட்டு."

"அது வேற யாரோடதாவது இருக்கும்."

"இல்ல, உங்க பேரு. எலிசபெத் மோகன்."

எலிசபெத் குனிந்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கடையிலிருந்து வருகிற காய்கறியைக்கூட சோப்புத் தண்ணீரில் கழுவிய வருடம் அது. ஃபெலிக்ஸ் வீட்டு அடுப்படியில், கை நிறைய நுரையோடு அவள் நிற்க, மோகன் ஒரு கவரோடு வந்தார். ‘லிசி, இங்க ஒண்ணு போடு.’ இன்சூரன்சா என்று கேட்டாள். ‘ம்’ என்றாரா, ஒன்றும் சொல்லவில்லையா? துண்டில் கையைத் துடைத்துவிட்டுக் குறி இருந்த இடத்தில் போட்டாள். பிறகு கொத்தமல்லியைக் கழுவினாள். அந்த நவம்பரில் முடிவு தெரிய நாலு நாள் ஆயிற்று. நாலு நாளும் டி.வி. முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘நாமும் போட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்’ என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னதும், அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காததும் இப்போது ஒவ்வொன்றாக வந்தன.

"தப்பா ஏறியிருக்குமோ?" என்றாள் சுபாஸ்ரீ.

"இல்ல பாப்பா. சரியாத்தான் ஏறியிருக்கு."

கீழே டாக்ஸியின் ஹாரன் கேட்டது. எலிசபெத் கவரை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பதினெட்டுப் படியும் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மோகன் ஷூ போட்டுக்கொண்டு, தன் கவரைச் சட்டைப்பையில் செருகி, தயாராக வாசலில் நின்றிருந்தார். டி.வி.யை அணைத்திருந்தார். அவள் கையிலிருந்த புதுக் கவரைப் பார்த்ததும் முகம் சுருங்கி, பிறகு விட்டுக்கொடுக்கிறவர் மாதிரி மலர்ந்தது.

"சரி, ஜெயிச்சுட்டே. சைபர்னா சைபர். கொடு, ஒட்டியிருக்கா பாப்போம். அவன் வேற ஹாரன் அடிச்சுக்கிட்டு இருக்கான்."

அவள் கொடுக்கவில்லை.

"என்னம்மா? கால் வலிக்குதா?"

"கொரோனா வருஷத்துல என் பேர்ல ஒரு ஓட்டுப் போயிருக்கு. மாடியில அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல பாத்தேன்."

மோகனின் கை சட்டைப்பையை ஒருமுறை தொட்டுவிட்டு இறங்கியது. வெளியே டிரைவர் மறுபடியும் அடித்தான். அவர் தெருவைப் பார்த்தார். எலிசபெத் அவரையே பார்த்துக்கொண்டு, வகுப்பில் பதில் தெரியாத பிள்ளையைக் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்:

"ஏங்க, அந்தத் தடவை நான் யாருக்குப் போட்டேன்?"