மாமுவின் வயிறு

பவானி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அந்த முயலுக்கு மோமோ என்று பெயர். பொத்தேரியில் கல்லூரி விடுதி அறையில் நாலு பெண்கள் சேர்ந்து, யாருக்கும் தெரியாமல் ஐந்து மாதம் வளர்த்திருக்கிறார்கள். ஒருநாள் அது தாவித் தாவி வராந்தாவுக்குப் போய், சரியாக வார்டன் காலடியில் உட்கார்ந்துவிட்டது. அன்று மாலையே பவானி அதை அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கடப்பாக்கத்துக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அவளுடைய அப்பா தேசப்பன் வாயில் மோமோ இரண்டே நாளில் மாமு ஆகிவிட்டது.

"நைனா, காஞ்ச புல்லு ஒரு மூட்ட வச்சிக்கிறேன். அதான் சாப்பாடு. கூட தண்ணி. பாவம்னு வேற எதுனா குட்துடாத," என்று பத்து தடவை சொல்லிவிட்டுத்தான் பவானி விடுதிக்குத் திரும்பினாள்.

தேசப்பன் அப்போது வீட்டோடு கிடந்த நேரம். படகைக் கரையேற்றும்போது வழுக்கி விழுந்து முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. மூன்று மாதத்துக்குக் கடல் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி பரிமளா விடியுமுன் மீன் எடுக்கக் கிளம்பினால், செய்யூர் பக்கம் விற்று முடித்து வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். அதுவரை காலை நீட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். டிவி எத்தனை நேரம்தான் பார்ப்பது? மாமு வந்தபிறகு பேச ஒரு ஆள் கிடைத்ததுபோல் ஆயிற்று. எதிர்காற்றில் வலை சிக்கிய கதையை எல்லாம் அதனிடம் சொல்லுவார். அது ஒரு காதைத் தூக்கிக்கொண்டு கேட்கும்.

தேசப்பனுக்கு இரண்டு வருஷமாகச் சர்க்கரை. அதனால் பரிமளா வீட்டில் இனிப்பான எதையும் வைப்பதில்லை. ஆனால் தேசப்பன் பழைய வலைப்பைக்குள் பிஸ்கெட் பாக்கெட் வைத்திருந்தார். அவள் தலை மறைந்ததும் டீ போட்டு நாலு பிஸ்கெட்டைத் தொட்டுத் தின்பார். மூன்றாம் நாள் அந்தக் காகிதம் சரசரத்ததும் மாமு ஓடிவந்து, பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, மூக்கை ஆட்டிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தது. எப்படி மனசு வரும்? ஒன்றை உடைத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் ஆளுக்கு இரண்டு என்று ஆயிற்று. பிறகு சாயங்காலம் வாழைப்பழம். டீயில் தொட்டுத் தின்னப் பொறை ரொட்டி வாங்கினால் அதிலும் ஒரு பங்கு. மூட்டையில் இருந்த புல் அப்படியே கிடந்தது.

ஒரு புதன்கிழமை காலை காகிதம் சரசரத்தும் மாமு வரவில்லை. டிவி மேஜைக்கு அடியில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. கிட்டே போனால் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம். வாழைப்பழத்தை நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டது. முந்தின நாள் சாயங்காலம் வைத்த துண்டும் அப்படியே கிடந்தது. வழக்கமாக வீடு முழுக்க உருண்டு கிடக்கும் புழுக்கையில் ஒன்றுகூடத் தரையில் இல்லை. வயிற்றைத் தொட்டால் காற்றடைத்த டியூப் மாதிரி இருந்தது.

தேசப்பன் உடனே பவானிக்குப் போன் போட்டார்.

"நேத்து ராத்திரிலேர்ந்தே சாப்டலயா? அய்யோ நைனா, முயலு அரை நாள் சாப்டாம இருந்தாலே ஆபத்து. கேளம்பாக்கத்துல பிரதீபா டாக்டர் கீறாங்க, முயலு எல்லாம் பாப்பாங்க. உடனே தூக்கிகினு போ. வூட்டு மருந்து எதுவும் ஊத்தாத."

அடுத்த போன் பரிமளாவுக்கு. அவள் பாதி மீனை அக்கம்பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்தாள். மாமுவைப் பார்த்ததும் தன் பழைய காட்டன் புடவையை நாலாக மடித்துக் கூடையில் போட்டு, அதன்மேல் அதைத் தூக்கி வைத்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெயில் படாமல் கூடையை முந்தானையால் மூடிக்கொண்டே வந்தாள். கோவளத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ ஏறிக் கேளம்பாக்கம் போய்ச் சேரும்போது மணி பதினொன்று.

டாக்டர் பிரதீபா சின்ன வயதுக்காரி. மாமுவை மேஜையில் வைத்து வயிற்றை மெல்ல அமுக்கினாள். ஸ்டெதஸ்கோப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்து நெடுநேரம் கேட்டாள்.

"குடல் சத்தமே இல்ல. என்ன சாப்பாடு குடுக்கறீங்க ஐயா?"

"புல்லுதாம்மா."

"வேற?"

"வேற ஒண்ணியும் இல்லமா."

டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "சரியா சொன்னாத்தான் சரியா மருந்து குடுக்க முடியும்."

பக்கத்தில் பரிமளா நின்றுகொண்டிருந்தாள். தேசப்பன் சுவரைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். மாமு மறுபடியும் பல்லைக் கடித்தது. அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"பிஸ்கெட்டும்மா. காலைல ரெண்டு, டீயோட. சாய்ந்தரம் வாயப்பயம். முந்தாநேத்து பொறை ஒண்ணு முயுசா துன்னுச்சு."

"பிஸ்கெட்டா?" என்றாள் பரிமளா. "நம்ம வூட்ல ஏதுய்யா பிஸ்கெட்டு?"

தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. உதட்டோரம் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு மாமுவின் பக்கம் திரும்பினாள்.

"முயலுக்கு வயிறு ஓடிக்கிட்டே இருக்கணும் ஐயா. நார் உள்ள போய்க்கிட்டே இருந்தாத்தான் அது ஓடும். மாவும் இனிப்பும் போனா குடல் மந்தமாகி நின்னுடும், காத்து கட்டிக்கும். வலிக்கும், வலியில சாப்பிடாது. சாப்பிடலன்னா இன்னும் மோசமாகும். நம்மள மாதிரி வாந்தி எடுக்கவும் அதுக்கு வராது."

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் அடைப்பு எதுவும் இல்லை. முதுகுத் தோலுக்கு அடியில் திரவம் ஏற்றினாள். ஒரு பக்கம் சின்னத் திமில் மாதிரி புடைத்துக்கொண்டது. வலிக்கு ஓர் ஊசி, குடல் அசைய ஒரு மருந்து. இரண்டு மணி நேரம் அங்கேயே உட்காரவைத்து மறுபடி பார்த்தாள். பிறகு புல்தூளைக் கரைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். வயிற்றை எப்படி நீவிவிட வேண்டும் என்பதையும் செய்து காட்டினாள்.

"நாளைக்குக் காலைக்குள்ள புழுக்கை போட்டா தப்பிச்சுதுன்னு அர்த்தம். போடலன்னா உடனே கொண்டு வாங்க."

திரும்பும் பஸ்ஸில் பரிமளா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கல்பாக்கம் வந்ததும் முகத்தைத் திருப்பாமலேயே கேட்டாள்.

"தனியா துன்னா மனசு ஒப்பலன்னு அதுக்கும் ஊட்டினியா?"

"எய்ந்து நின்னு கேக்குது பரிமளா. இல்லன்னு எப்டி சொல்றது?" என்றார் தேசப்பன். கூடையைப் பார்த்துக்கொண்டே, "காலைல நீ பூட்டா அதுவும் நானுந்தான கீறோம்," என்றார்.

பரிமளா கூடையை அவர் மடிக்கு மாற்றிவிட்டு, கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் முழுக்க இருவருக்கும் அதே வேலை. பரிமளா மாமுவைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, தேசப்பன் சிரிஞ்சை வாயோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாக அழுத்தினார். முதல் வாய்க் கூழை அது அப்படியே அவர் சட்டையில் துப்பியது. "துப்பாதடா கண்ணு. இன்னும் ஒரு வாய்டா, என் ராசா," என்று பரிமளா கொஞ்சியதைக் கேட்டு தேசப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது. பவானிக்குக்கூட அவள் இப்படிச் சோறு ஊட்டி அவர் பார்த்ததில்லை. அந்த நேரங்களில் எல்லாம் அவர் கடலில் இருந்திருப்பார்.

மறுநாள் விடிந்தும் பரிமளா மீன் எடுக்கப் போகவில்லை. ஒன்பது மணி வாக்கில் அவள் போட்ட கூச்சலில் தேசப்பன் காலை நொண்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"யோவ், வந்து பாருய்யா! போட்ருக்குதுய்யா!"

டிவி மேஜைக்கு அடியில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, ஏழு புழுக்கைகள். தேசப்பன் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு பவானிக்கு வீடியோ கால் போட்டு, செல்போனைத் தரையோடு தரையாக வைத்துக் காட்டினார். வகுப்பில் இருந்த பவானி பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் மாமு தானாகவே மூட்டையிலிருந்து ஒரு புல்லை இழுத்து மென்றது. புல் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் போய் மறைவதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

சனிக்கிழமை பவானி வந்தாள். அப்பாவைத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாளாம். வாசலில் பாய் விரித்து, கழுவிய அறுகம்புல்லை அவர் நிழலில் உலர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அது வரவில்லை. "மாமு கேட்டா ரெண்டு கொத்து கொத்தமல்லி குடு நைனா. அது போதும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, புல்லில் இருந்த முள்ளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

கடற்கரை ஓரத்தில் அறுகம்புல் அவ்வளவாக இல்லை. அதனால் இப்போதெல்லாம் பரிமளா மீன் விற்று முடித்ததும் செய்யூர் ஏரிக்கரையில் இறங்கிவிடுகிறாள். சுத்தமான இடமாகப் பார்த்து ஒரு கட்டு அறுத்து, தனியாக எடுத்துப்போன பையில் போட்டுக்கொள்கிறாள். ஷேர் ஆட்டோவில் கூட வரும் மீன்காரப் பெண்களில் ஒருத்தி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"இன்னாக்கா, டெய்லி புல்லறுத்துகினு வர, வூட்ல ஆடு வாங்கிட்டியா?"

பரிமளா பையை மடிப்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஆமாண்டி, ஆடுதான்," என்றாள்.