வண்டியின் குறைகள்

பதினோரு வருட விசுவாசத்துக்கு அன்று காலையில் ஒரு விலை வந்தது: இன்னொரு வேலை.

விலை சொன்னவர் கல்குவாரிக்காரர். காடுமேடு ஏறும் அந்தச் சொகுசு வண்டியை வாங்க வந்தவர். முதலாளி போன் பேச வீட்டுக்குள் போயிருந்தார். டிரைவர் மண்டியிட்டுச் சக்கரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லதையெல்லாம் உங்க முதலாளி சொல்லிட்டாரு. இடுப்பளவு தண்ணியில போகுமாம், உள்ள உக்காந்தா தொட்டில்ல படுத்த மாதிரியாம். கெட்டதை ஓட்டுறவன்தானே சொல்லணும்? மறைக்காம சொல்லு தம்பி. வண்டியோட உன்னையும் எடுத்துக்கிறேன்."

வண்டி போனால் வேலையும் போகும். மனைவிக்கு வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒரு தடவைகூடத் தள்ளிப்போட முடியாது. டிரைவர் எழுந்து நின்றார்.

"ராத்திரி நிறுத்தினா காலையில இடப்பக்கம் இறங்கியிருக்கும்ணே. சஸ்பென்ஷன்ல காத்து கசியுது. டீசலைக் குடிக்காது, குளிக்கும். பார்ட்ஸ் வேணும்னா ரெண்டு மாசம் தவம் கிடக்கணும். ஆனா எந்தச் சேத்துலயும் என்னைக் கைவிட்டதில்லண்ணே."

"உன்னை மாதிரி ஆளுதான்யா வேணும்!"

முதலாளி திரும்பி வந்ததும் பேரம் தொடங்கியது. கசிவு, டீசல், பார்ட்ஸ் என்று சொன்ன வரிசை மாறாமல் வந்து விழுந்தது. டீசல் குளிப்பதுகூட வந்தது. ஒவ்வொன்றுக்கும் முதலாளி டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். விலையில் மூன்று லட்சத்து இருபதாயிரம் இறங்கியது.

சாவி கைமாறியதும் டிரைவர் பழக்கதோஷத்தில் ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறந்தார். அந்த வழியாகக் குவாரிக்காரரே ஏறி உட்கார்ந்தார்.

"நான் எப்பண்ணே வரட்டும்?"

"எங்க?"

"வேலைக்கு..."

"பதினோரு வருசம் சோறு போட்டவரை அஞ்சு நிமிசத்துல வித்துட்டே. நாளைக்கு என்னை எத்தனை நிமிசத்துல விப்பே? தப்பா நினைக்காத தம்பி."

வாசல் பள்ளத்தில் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வண்டி இறங்கிப் போனது.

"முதலாளி, நாளைக்கு அவளுக்கு ஆஸ்பத்திரி. இந்த மாசச் சம்பளம்..."

முதலாளி திட்டவில்லை. கைப்பேசியில் கணக்குப் போட்டார். "உன் சம்பளம் பதினெட்டாயிரம். உன் வாயால எனக்குப் போனது மூணு லட்சத்து இருபதாயிரம்." திரையைத் திருப்பிக் காட்டினார். மூன்று லட்சத்து இரண்டாயிரம். முன்னால் சின்னதாக ஒரு கழித்தல் கோடு.

"நீ தரவேண்டியது. விட்டுட்டேன், போ."