வேலிக்கு அந்தப்புறம் ஒரு வளைவு

அறிவரசனுக்குக் கோபம் வந்தால் வெளியே தெரியாது. முகம் அப்படியே இருக்கும், பேச்சும் மரியாதையாகவே இருக்கும், மறுவாரம் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு முள்வேலி நிற்கும். அவன் வீட்டுக்கும் தங்கை மஞ்சு வீட்டுக்கும் இடையில் கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி இழுத்தது அப்படித்தான். எல்லாம் ஒரு ரயிலால் வந்த வினை.

ரயில் என்றதும் நிஜ ரயிலை நினைத்துவிட வேண்டாம். குன்னம் பக்கம் அதெல்லாம் ஏது? ரயில் பார்க்க வேண்டுமென்றால் அரியலூருக்குப் பஸ் ஏற வேண்டும். அறிவரசன் ஆலத்தியூர் சிமென்ட் ஆலையில் ஃபிட்டர். எங்கேயாவது ரயில்வே கேட் மூடிக் கிடந்தால் ஊரே சலித்துக்கொள்ளும், இவன் மட்டும் வண்டியை விட்டு இறங்கி நின்று ரசிப்பான். கொரோனா ஊரடங்கில் சும்மா உட்கார முடியாமல் அந்த ஆசை கையில் இறங்கிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில், ஒரு ஜாண் அகலத்துக்கு இரும்புப் பட்டையில் தண்டவாளம் போட்டான். பழைய பேட்டரி ஆட்டோவின் மோட்டாரைப் பிடித்து, ஆள் உயர நீளத்தில் நீலநிற இஞ்சின் ஒன்று கட்டினான். பின்னால் இரண்டு பெட்டி. பெட்டியின் மேல் பெரிய ஆளே கால் நீட்டி உட்கார்ந்து போகலாம்.

தண்டவாளத்துக்கு அடியில் முதலில் கான்கிரீட்தான் போட்டான். சிமென்ட் ஆலைக்காரனுக்கு எந்த வியாதிக்கும் சிமென்ட்தானே மருந்து! கரிசல் மண் விடுமா? மழையில் உப்பியது, வெயிலில் பிளந்தது, கான்கிரீட்டை அப்பளமாக நொறுக்கிப் போட்டது. அதற்கப்புறம்தான் புத்தி வந்து, ஜல்லி கொட்டி அதன்மேல் கட்டைகளைப் பரப்பித் தண்டவாளத்தை வைத்தான். ஒவ்வொரு மழைக்கும் அது எங்காவது ஒரு பக்கம் இறங்கும். இறங்கின இடத்தைக் கடப்பாரையால் நெம்பி, அடியில் ஜல்லியைக் குத்திக் குத்தி மட்டம் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவனுக்கு அதுதான் வேலை, அதுதான் சந்தோஷமும்.

ஆனால் ரயில் ஒருநாளும் ஒரு முழுச்சுற்று சுற்றவில்லை. அதற்குக் காரணம் இடம். ஊரார் நிலத்தில் கூலிக்கு உழைத்தே காலம் தள்ளிய அவன் அப்பா அரியமுத்து, கடைசி காலத்தில் வாங்கிய அரை ஏக்கர் அது. மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்று நீளவாக்கில் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஆளுக்கு நீளம் உண்டு, அகலம் இல்லை. ரயில் ஓட நீளம் போதும், திரும்ப அகலம் வேண்டுமே. வளைவு நெருக்கமாக இருந்தால் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிக் கவிழ்ந்துவிடும். மஞ்சு பக்கத்துக் கடைசி மூலையில் கொஞ்சம் இடம் கிடைத்தால் வளைவை அகலமாக எடுத்துக் கொண்டு வந்துவிடலாம். கேட்டால் கொடுத்துவிடுவாள் என்றுதான் இருந்தான்.

கேட்பதற்கு முன்னால் மஞ்சுவின் புதுவீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. பந்தியில் பரிமாறிக்கொண்டே வந்தவள், புருஷன் வீட்டு ஜனங்கள் அத்தனை பேர் முன்னாலும் சிரித்துக்கொண்டு, எங்க அண்ணனுக்கு இன்னும் பால்பல்லே விழவில்லை, பொம்மை ரயில் வைத்து விளையாடுகிறது என்று ஒரு போடு போட்டாள். பந்தி முழுக்கச் சிரித்தது. அறிவரசன் பாதி இலையில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். அவள் சொன்னதும் தப்புதான். ஆனால் கூடப்பிறந்தவன் புதுவீட்டில் முதல் சாப்பாட்டை இலையிலேயே விட்டுவிட்டுப் போனால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? ரோஷத்துக்கு அந்தக் குடும்பத்தில் பஞ்சமே கிடையாது. மறுவாரம் வேலி வந்தது. அண்ணன் தங்கைக்குள் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது.

மஞ்சுவின் மகள் முத்தமிழுக்கு மட்டும் இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. மூன்று வயது. சாயங்காலமானால் வேலிக்கு அந்தப்புறம் வந்து நின்று, "மாமா, ரயிலு" என்பாள். அறிவரசன் உடனே எடுத்துக் காட்டுவான். அவனுக்கும் மனைவி வெற்றிச்செல்விக்கும் பிள்ளை இல்லை. அரியமுத்துவின் வழியில் இருக்கிற ஒரே குழந்தை முத்தமிழ்தான்.

ஆவணியில் அந்தக் குழந்தைக்குக் காதுகுத்து என்று நாள் குறித்தார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அது மாமனுக்கு உரிமை, பெருமை, எல்லாமும். மஞ்சு வெற்றிலை பாக்கோடு வந்து அழைப்பாள் என்று அறிவரசன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை. ஒருநாள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்த வெற்றிச்செல்வி, பையைக்கூட இறக்காமல், பெரியப்பா மகன் தமிழ்மாறன் மடியில் உட்கார வைக்கப் போவதாக ஊரில் பேச்சு என்றாள்.

அவங்க புள்ள, அவங்க இஷ்டம் என்றான் அவன்.

அந்த வேகத்தோடு தோட்டத்துக்குப் போனான். இஞ்சினைக் கிளப்பினான். ஒரு முழுச்சுற்று, ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டால் மனசு ஆறும்போல் இருந்தது. தன் பக்கத்துக்குள்ளேயே நெருக்கமாகப் போட்டிருந்த வளைவில் எப்போதும் நத்தையாக விட்டுப் பாதியில் நிறுத்திவிடுகிறவன் அன்றைக்கு ஆத்திரத்தில் முழுசாகத் திருகிவிட்டான். அவன் பின்னால் ஓடிப் பிடிப்பதற்குள் சக்கரம் ஏறி, பெட்டிகளின் கொக்கி கழன்று, இஞ்சின் முள்கம்பியைப் பிய்த்துக்கொண்டு போய் மஞ்சுவின் சின்ன வெங்காயப் பாத்தியில் தொப்பென்று விழுந்தது. எருமை குட்டையில் கிடக்கிற மாதிரி ஒருக்களித்துக் கிடந்தது.

சரி, போய் எடுத்து வரவேண்டியதுதானே? மாட்டான். வேலி போட்டவனே வேலியைத் தாண்டுவதா? மஞ்சுவும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அவள் புருஷன் ராஜவேல் லாரியில் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றிப் போயிருந்தான், நடுவில் நின்று பேசவும் ஆளில்லை. மறுநாளும் இஞ்சின் அங்கேயேதான் கிடந்தது. இந்தப் பக்கம் இவன் பார்ப்பான், அந்தப் பக்கம் அவள் பார்ப்பாள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"அவ எடத்துல நான் கால் வைக்க மாட்டேன்" என்றான் வெற்றிச்செல்வியிடம்.

"நீங்க வைக்க மாட்டீங்க, உங்க இஞ்சினு மட்டும் அங்க போயி படுத்துக்குமாக்கும்" என்றாள் அவள். சொல்லிவிட்டு, மூன்று வருஷத்து உழைப்பு மண்ணில் கிடக்கிறதே என்று அவளே மூக்கை உறிஞ்சினாள்.

அதற்கு மறுநாள் அவன் ஆலையில் இருக்கும்போது வானம் கறுத்தது. மத்தியானத்திலிருந்து மழை பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அறிவரசனுக்கு ஸ்பேனர் கையில் நிற்கவில்லை. கரிசலில் தண்ணீர் இறங்காது, அப்படியே தேங்கி நிற்கும். மோட்டாருக்குள் தண்ணீர் போனால் கம்பிச்சுருள் போச்சு, பேட்டரி போச்சு, எல்லாம் போச்சு. ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வரும்போது, இஞ்சின் போனால் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை. மடி போனால் போகிறது என்று அடுத்ததாகச் சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே விட்டுவிட்டான். மழைத் தண்ணீர் வழியும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தோட்டத்துக்கு ஓடினான். மழை விட்டிருந்தது, வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. வெங்காயப் பாத்தியில் இஞ்சினைக் காணோம். அந்த இடத்தில் மஞ்சள் படுதா ஒன்று கிடந்தது, அதற்கு அடியில்தான் இஞ்சின். காற்றில் பறக்காமல் நான்கு பக்கமும் கல் வைத்து, தலைமாட்டில் உரச்சாக்கு வேறு மடித்துப் போட்டிருந்தது. அதோடு விட்டிருந்தால்கூட அவன் தாங்கிக்கொண்டிருப்பான். இஞ்சினைச் சுற்றிலும் மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. தேங்கின தண்ணீர் அந்த வழியாகப் பள்ளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் போன வழியெல்லாம் வெங்காயப் பயிர், இன்னும் பத்து நாளில் பிடுங்க வேண்டிய பயிர், வேரோடு புரண்டு கிடந்தது.

அறிவரசன் அங்கேயே நின்று அழுதான். யாரும் பார்க்கவில்லை என்பதால் நன்றாகவே அழுதான்.

பிய்ந்த கம்பி வழியாக அவன் போகவில்லை. ரோட்டுக்குப் போய், சுற்றிக்கொண்டு, மஞ்சு வீட்டு முன்வாசல் வழியாக உள்ளே போனான். அவள் முழங்கால் வரை சேறு காய்ந்திருக்க, தாழ்வாரத்தில் உட்கார்ந்து பிடுங்கின வெங்காயத்தைத் தாள் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவன் நிழல் விழுந்ததும் கை நின்றது. தலை நிமிரவில்லை.

"இஞ்சின எடுக்க வந்தியா? ஆளக் கூட்டிக்கிட்டு வா. ஒத்தையில தூக்க முடியாது. நான் தூக்கிப் பாத்துட்டேன்."

"இஞ்சின் கெடக்குது, வுடு" என்றான். அதற்குமேல் சுற்றி வளைக்க அவனுக்குத் தெம்பில்லை. "புள்ள யாரு மடியில உக்காருது, மஞ்சு?"

அவள் வெங்காயத்தைக் கீழே போட்டாள்.

"நாள் குறிச்ச அன்னைக்கே தாம்பாளத்துல வெத்தல பாக்கு எடுத்து வச்சேன். மூணு தடவ மாத்தி மாத்தி புதுசு வச்சேன். உன் வாசப்படி வரைக்கும் வந்து, அங்கயும் நீ எந்திரிச்சு உள்ள போயிட்டீன்னா நான் என்னண்ணே செய்வேன்?"

அவள் குரல் உடைந்துபோனது. தங்கை தன்னிடம் பயந்திருக்கிறாள் என்பது அறிவரசனுக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. ரோஷம் என்றுதான் நினைத்திருந்தான். தமிழ்மாறனும் கூப்பிட்டதற்கு, உங்க அண்ணன் உயிரோட இருக்கையில நான் எப்படி உட்காருவேன் என்று சொல்லிவிட்டானாம். அதையும் அவளே சொன்னாள். அவன் சேறு பட்ட தரையில் அப்படியே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தப்பு என்மேல்தான் என்று சொல்ல வந்தான். அவளும் அதையேதான் சொல்ல வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்ததில் ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் முத்தமிழ் எங்கிருந்தோ வந்து, வேலிக்கு இந்தப்புறம் மாமாவைப் பார்த்த ஆச்சரியத்தில் வாயில் விரலைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

கடைசியில் மஞ்சுவே மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த ரயில் கவிழாமல் திரும்ப என் பக்கத்தில் எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டாள். வெங்காயம் எப்படியும் போய்விட்டது, தண்டவாளமாவது போடு என்றாள்.

மறுநாள் ராஜவேல் ஊர் திரும்பினான். அவனும் அறிவரசனுமாக இஞ்சினைத் தூக்கி, கல்லுக்காலைப் பிடுங்கி, மஞ்சு பக்கத்தில் மண் வெட்டி ஜல்லி கொட்டினார்கள். வளைவு அகலமாக, தாராளமாக விரிந்தது. காதுகுத்துக்கு முதல்நாள் மறுபடியும் மழை பெய்து அறிவரசனை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் வெறும் இஞ்சினை விட்டுப் பார்த்தான். சுற்றி வந்துவிட்டது, ஆனால் வளைவில் வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. மண் இன்னும் அமரவில்லை, இன்றைக்கு யாரும் ஏற வேண்டாம் என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

பந்தலில் அவன் புதுவேட்டி கட்டி உட்கார்ந்தான். முத்தமிழை அவன் மடியில் வைத்தாள் மஞ்சு. ஆசாரி காதில் கம்பியை வைத்ததும் குழந்தை போட்ட சத்தத்தில் பந்தலே ஆடியது. இரண்டு கையாலும் மாமன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பிள்ளையைவிட மாமன்தான் அதிகம் அழுகிறான் என்று வந்திருந்த ஜனம் கேலி செய்தது. செய்யட்டுமே! அவன் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

காது குத்தி முடித்தும் அவள் அழுகை நிற்கவில்லை. ரயிலு, ரயிலு என்று ஒரே பிடி. அறிவரசன் மஞ்சுவைப் பார்த்தான். வெறும் இஞ்சின் சாய்ந்த இடத்தில் பிள்ளையோடு போவதாவது? நாளைக்கு என்றான். ஜல்லி அமரட்டும் என்றான். மஞ்சு விறுவிறுவென்று தோட்டத்துக்கு நடந்து, பட்டுப்புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, வளைவின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கட்டை முனைகளின் மேல் ஏறி நின்றாள். வெளிப்பக்கம் இறங்கப் பார்த்தாலும் உள்பக்கம் எழும்பாமல் அவள் பாரம் பிடித்துக்கொள்ளும்.

"போண்ணே. நான் மிதிச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்றாள்.

அறிவரசன் பெட்டியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, நடக்கிற வேகத்துக்கும் குறைவாக விட்டான். ரயில் அவன் பக்கத்திலிருந்து அவள் பக்கத்துக்குப் போனது. கட்டைகள் முனகின. இஞ்சின் கொஞ்சம் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்துகொண்டது. முத்தமிழ் அழுகையை எப்போது நிறுத்தினாள் என்று அவன் கவனிக்கவில்லை. வளைவு முடிந்து ரயில் நேர்வழிக்கு வந்ததும்தான் திரும்பிப் பார்த்தான். மஞ்சு இன்னும் கட்டை மேலிருந்து காலை எடுக்கவில்லை.