தொடாமலே தள்ளிய ஃபோன்

லாரி ஆபீசில் அவளுக்குப் பெயர் கேட் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. கிடங்கில் சரக்கு ஏற்றிய எந்த லாரியும் அவளுடைய மெயில் வராமல் கேட்டைத் தாண்டாது. வண்டி எண்ணையும், அதன் கதவுப் பூட்டில் போட்ட முத்திரை எண்ணையும் மெயிலோடு வரும் படத்தில் சரிபார்த்து, "விடலாம்" என்று அவள் பதில் போட்டால்தான் காவலாளி குறுக்குக் கம்பியைத் தூக்குவார். கொஞ்சம் தாமதமானாலும் ஓட்டுநர்கள் அவளுடைய பரம்பரையையே இழுத்துப் பேசுவார்கள். அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை அவள்.

அவளையே சென்ற வாரம் ஒரு லாரி ஆட்டிவிட்டது.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், மெஷினுக்குப் பக்கத்தில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். வீட்டில் அவரும் அவளும் மட்டும்தான். தனியாக அனுப்பினால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவார். ஒருமுறை வந்தும் இருக்கிறார். அன்று ராத்திரி மூச்சுவிட முடியாமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, இனி எந்த நாளும் கூடவே போவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். டாக்டரும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: சிகிச்சையைத் தொடர்ந்து தவறவிட்டால் ஆள் தங்காது.

அங்கே குத்துகிற ஊசி சாதாரண ஊசி இல்லை. கோணி தைக்கிற ஊசிக்குக் கொஞ்சம்தான் இளைத்தது. அப்பாவின் இடது கையில் ஒவ்வொரு முறையும் அப்படி இரண்டு ஏறும். அப்போதெல்லாம் வலது கையால் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொள்வார். பிடி என்றால் சும்மா பிடி இல்லை, உடும்புப்பிடி. சென்ற வாரம் அந்தப் பிடியில் அவள் இருந்தபோதுதான் கேட்டிலிருந்து மெயில் வந்தது. அவளுடைய பழைய ஃபோனோ, ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால் தூங்கி எழுந்து முகம் கழுவிவிட்டு வருகிற ரகம். அவள் பதில் போட்டு லாரி கிளம்பியும் பிரயோஜனமில்லை. ஏற வேண்டிய கப்பல் போய்விட்டது.

மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு மேலேயும் ஆள் உண்டு.

"ஆஸ்பத்திரில இருந்தே வேலை பாருங்க, வேண்டாங்கல. ஆனா இன்னொரு வண்டி நின்னுச்சுன்னா இந்த ஏற்பாடு கிடையாதும்மா. எல்லா நாளும் ஆபீஸ்லதான் உட்காரணும். நானும் எத்தனை தடவைதான் உங்களுக்காகப் பேசறது?"

வார்டுக்குள் லேப்டாப்பைக் கொண்டுவரக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பது ஃபோன்தான். நாளைக்கு ஆஸ்பத்திரி முறை. ஆகவே இன்றைக்கே ஒரு நல்ல ஃபோன் வாங்கியாக வேண்டும்; வாங்காமல் வீடு திரும்புவதில்லை என்று கிளம்பினாள்.

"நானும் வரேன். உன் தலையில எதையாவது கட்டிடுவான்" என்று அப்பாவும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவர் வந்தது நல்லது என்றுதான் நினைத்தாள். பேரிங் தொழிற்சாலையில் வேலையிலிருந்த காலம் முழுக்க அவர் செக்கர். கையில் சிவப்பு சாக்பீஸ். ஒவ்வொரு வளையத்தையும் உள்ளங்கையில் வைத்து உருட்டி, வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் ஓரம் தடவிப் பார்ப்பார். பழுது இருந்தால் சாக்பீஸால் ஒரு கோடு, ‘தள்ளு’ என்று ஒரு சொல். அங்கே அவருக்குத் ‘தள்ளு மாமா’ என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திறமையெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தக்காளி, குடை, செருப்பு வார் என்று எதுவும் அவரிடம் முதல் தடவையில் தேறியதில்லை.

ஏற்கெனவே இரண்டு கடையில் அப்பா நொட்டை சொல்லி எழுந்து வந்தாயிற்று. இது மூன்றாவது கடை. உள்ளே போனதும் அப்பா ஒரு ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார். விற்பனைப் பெண் சிரித்த முகத்தோடு பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, இதுல நிலாவையே பக்கத்துல வச்ச மாதிரி படம் எடுக்கலாம்."

"நிலா எனக்கு மெயில் போடாதும்மா" என்றாள் அவள். "எனக்கு வேணும்கறது வேற. மெயில் வந்த உடனே காட்டணும். அதோட வர படத்தைச் சட்டுனு திறக்கணும். சின்ன எழுத்து, நம்பர் எல்லாம் கண்ணாடி இல்லாமலே தெரியணும். சிக்னல் சரியா வராத கீழ்த்தளத்துலயும் வேலை செய்யணும். பாட்டுப் பாடலைன்னாலும் பரவாயில்ல."

அந்தப் பெண் புத்திசாலி. நிலாவை உள்ளே வைத்துவிட்டு வேறு ஃபோன்களை எடுத்தாள். முதலாவதை அப்பா வாங்கிப் பார்த்தார்.

"இது ஃபோனா, காய் நறுக்கற பலகையா? பைக்குள்ள போகுமா?"

இரண்டாவதை மேசைமேல் வைத்து ஒரு மூலையை விரலால் தட்டினார். அது டக்டக்கென்று ஆடியது. "பாரு, பின்னாடி கேமரா துருத்திக்கிட்டு நிக்குது. மேசையில வச்சா ஊஞ்சல் மாதிரி ஆடுது. தள்ளு."

அது நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது. மூன்றாவதாக வந்தது கைக்கு அடக்கமான கறுப்பு ஃபோன். விற்பனைப் பெண் அவளுடைய பழைய ஃபோனிலிருந்து ஒரு மெயிலை அனுப்பிக் காட்டினாள். பழைய லாரிப் படம் ஒன்று கண் இமைப்பதற்குள் திறந்தது. முத்திரை எண் பளிச்சென்று தெரிந்தது. அவளுக்கு மனது நிறைந்துவிட்டது. அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. தெருப்பக்கம் பார்த்தபடியே, "சார்ஜ் நிக்காது" என்றார்.

"நிக்கும் சார், ரெண்டு நாள்..."

"நிக்காதும்மா. பார்த்தாலே தெரியுது. தள்ளு."

அவளுக்கு எங்கேயோ இடித்தது. ஒரு மேலதிகாரி, இரண்டு வளையத்தில் பழுது கண்டு ஒரு பெட்டியையே ஒதுக்கச் சொன்னபோது, முடியாது என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்த மனிதர் இவர். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள் அவள். அழுகல் தக்காளியைக்கூட ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவார். இந்த ஃபோனை அவர் தொடக்கூட இல்லை.

"அப்பா, கொஞ்சம் வெளிய வாங்க."

"ஏன், வாங்கலையா?"

"வாங்கறது அப்புறம். நீங்க வாங்க."

கடைப் படியில் இருவரும் நின்றார்கள். பஸ் ஒன்று புகையை இவர்கள் மேலேயே விட்டுவிட்டுப் போனது.

"அந்தக் கடைசி ஃபோனை ஏன் கையில எடுக்கல?"

"எடுக்கணுமா என்ன? அனுபவம்னு ஒண்ணு இருக்கு."

"கதை விடாதீங்கப்பா. தொடாம தள்றது பொருளுக்குச் செய்யற துரோகம்னு சொன்னது யாரு?"

அப்பா சட்டைப் பையைத் தடவினார். அங்கே சாக்பீஸ் இருந்து எவ்வளவோ காலமாகிறது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்; இந்த வயதில்தான் சாக்குச் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார், அதிலும் தேறவில்லை.

"நீ ஃபோன் வாங்கலைன்னா என்ன ஆகும் பாப்பா?"

"ஆபீஸ்லயே உட்காரணும்."

"உட்காரு. அதான் நல்லது. லாரி நின்னது என் கையாலதான், எனக்குத் தெரியாதா? நாளைக்கு உன் வேலை போச்சுன்னா..."

"அப்போ ஆஸ்பத்திரி?"

"நானே போய்க்கறேன்."

"போவீங்களா?"

அவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார். அவளுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. லாரி நின்றதற்கு அடுத்த முறை, ஊசி போடும்போது அவர் வலது கையைப் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டு, நர்ஸிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டாள். மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்திருக்கிறார். மூன்று கடையிலும் அவர் தள்ளிக்கொண்டிருந்தது ஃபோனை இல்லை.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் முழுக்க பயம்.

"போதும்னு தோணுச்சுன்னா என்கிட்ட நேரா சொல்லுங்க. பாவம் அந்த ஃபோன் மேல எதுக்குப் பழி போடறீங்க?"

"நேரா சொன்னா விட்டுடுவியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு அவள் சொன்னாள்: "எனக்கு வேலையும் வேணும், நீங்களும் வேணும். இதுல எதை விடறதுன்னு எனக்குப் பதிலா நீங்க முடிவு பண்ணாதீங்கப்பா. எனக்கு அது பிடிக்கல. ஊசி வலிக்கும், தெரியும். நாலு மணி நேரம் படுத்துக் கிடக்கறது கொடுமை, அதுவும் தெரியும். ஆனா நீங்க மூச்சுக்குத் திணறுன அந்த ராத்திரியை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது. நான் இப்ப உள்ள போறேன். ஃபோனோடதான் வெளிய வருவேன். நல்லதா இருக்கணும்னா நீங்க வந்து பாருங்க. இல்லைன்னா அந்த நிலா ஃபோனையே கட்டிக்கிட்டு வரேன்."

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். "அந்த நிலாவை எடும்மா" என்றாள், வாசல்வரை கேட்கிற மாதிரி. விற்பனைப் பெண் தயங்கித் தயங்கி அதை எடுத்தாள். பெட்டியைப் பிரிக்கப் போகும்போது பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. மோசமான சரக்கு ஒன்று தன் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. அவளுக்குத் தெரிந்த அப்பா அவர்.

"அதை உள்ள வை. மத்ததையெல்லாம் எடு. முதல்ல இருந்து பார்க்கலாம்."

அதன் பிறகு நடந்ததுதான் பரிசோதனை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். நகத்தால் ஓரம் தடவினார். கடைக்குக் கீழே சரக்கு வைக்கும் அறை இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்றதும் ஒவ்வொரு ஃபோனாக அங்கே கொண்டு இறங்கி, மேலிருந்து மெயில் அனுப்பச் சொன்னார். "வந்துடுச்சு!" என்று கீழேயிருந்து அவர் போட்ட சத்தத்தில் மற்ற வாடிக்கையாளர்கள் திடுக்கிட்டார்கள். அந்தப் பலகை ஃபோன் கீழே போனதும் ஊமையாகிவிட்டது. கறுப்பு ஃபோன் மட்டும் ஒவ்வொரு தடவையும் பேசியது.

மூச்சு வாங்க மேலே வந்தவர், கறுப்பு ஃபோனை விற்பனைப் பெண்ணிடம் காட்டினார்.

"இதுல ஒத்தைக் கையால டைப் பண்ணலாமா?"

"தாராளமா பண்ணலாம் சார்."

"வலது கை இல்லம்மா. இடது கை."

அந்தப் பெண் ஏதோ அமைப்பை மாற்றினாள். எழுத்துகளெல்லாம் கூடிவந்து இடது ஓரத்தில் ஒண்டிக்கொண்டன. அப்பா ஃபோனை மகளின் இடது கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

"கட்டைவிரல் கடைசி எழுத்து வரைக்கும் போகுதா பாரு."

"போகுது. ஆனா நான் வலது கைக்காரிப்பா."

"பழகிக்கோ." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஃபோனையே பார்த்தார். "வலது கை எனக்கு வேணும்."

அவள் தலையை ஆட்டிவிட்டு, இடது கட்டைவிரலால் ஒரு எழுத்தை அழுத்திப் பார்த்தாள். விவரம் தெரியாத விற்பனைப் பெண் பில் போட்டபடியே கேட்டாள்: "இதைத்தானே சார் அப்பவே வேண்டாம்னீங்க?"

"அப்ப நான் பார்க்கவே இல்லம்மா" என்றார் அப்பா.

மறுநாள் கீழ்த்தளத்தில் நர்ஸ் ஊசியோடு குனிந்தபோது, போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து அவளுடைய வலது கையைத் தேடிப் பிடித்தது. முதல் ஊசி ஏறியது. எலும்பு நொறுங்குகிற அந்தப் பழைய பிடியில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் கையை அவள் இழுக்கவில்லை. அதே நேரத்தில் மடியில் ஃபோன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்தாள். படம் திறந்தது. வண்டி எண் சரி, முத்திரை எண் சரி. கட்டைவிரல் தடுமாறித் தடுமாறி, ஒரு எழுத்தை அழித்து, மறுபடி போட்டு, ஒரு வழியாக "விடலாம்" என்று அடித்து முடித்தது.

அப்பா கண்ணை மூடியபடியே கேட்டார்: "வண்டி போயிடுச்சா?"

"போயிடுச்சுப்பா."

அவர் மூச்சை ஒருமுறை இழுத்து விட்டார். பிடி தளரவில்லை.

"சரி. அடுத்த ஊசியைப் போடச் சொல்லு."