ஏரியில் செத்ததா, வலையில் செத்ததா?

1

இந்தக் கதை எனக்கு ஒரு பக்கெட்டில் கிடைத்தது. ஃபைட்டர் மீன் வாங்க, எங்கள் சுரங்க டவுன்ஷிப்பின் அடுத்த பிளாக்கில் மீன் வளர்த்து விற்கும் அஷ்ஃபாக் வீட்டுக்குப் போயிருந்தேன். பின்வாசலில், மீன்களுக்குத் தீனியாக ஒரு பக்கெட் தண்ணீர். குனிந்து பார்த்தால், பொடிப்பொடி உயிர்களால் தண்ணீரே துடித்தது. பக்கெட் நிஜம். மற்றதெல்லாம் என் கற்பனை.

முதல் வரி: ‘அந்த மலை ஏரியில் ஒரு பிணம்...’

(துப்பறியும் தொடர்கதை எழுதுகிறவனின் பழக்கதோஷம், கோடு போட்டு அடித்துவிட்டேன். ஆனால் பிணம் உண்டு. உப்புக்கல் அளவு. பொறுங்கள்.)

2

அஷ்ஃபாக்கின் அக்கா ருக்சானா மலை ஏரிகளை ஆராய்கிறாள். கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத உயிர்களில் ஓர் ஏரியில் இந்த வகை, பக்கத்து ஏரியில் வேறு வகை. ஏன்? குளிர் சிலவற்றை உள்ளே விடாது. மீனைக் கொண்டுவந்து விட்ட ஏரியில் பெரிய உடம்புக்காரர்கள் இரையாகி மிஞ்சமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், யாராவது அங்கே வந்து சேர்ந்தாக வேண்டும். பறவைக் காலில் ஒட்டிக்கொண்டோ, காற்றில் தூசியாகவோ.*

அவள் பார்த்த கடைசி ஏரி பழனி மலைமேல். மேகம் இறங்கித் தண்ணீரில் படுத்துக்கொள்ளும் இடம். இதை எழுதும்போது எங்கள் பிளாக்கும் மெல்ல நீருக்குள் இறங்கியது. ஷிப்ட் பஸ் சத்தமில்லாமல் மிதந்து போனது. கண்ணாடி உடம்புக்காரர்கள் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துவிட்டு...

(இது துப்பறியும் கதை. திரும்பி வருகிறேன்.)

அந்த ஏரியில் வலைவீசி, வந்ததை ஸ்பிரிட் பாட்டிலில் அடைத்துக்கொண்டு வந்தாள். அதில் ஒரு நீர்த்தெள்ளு, உப்புக்கல் அளவு நீர்ப்பூச்சி. வெப்பமான சமவெளிக் குட்டைகளில் வாழும் ஜாதி. அத்தனை குளிரில் யாரும் பார்த்ததில்லை. கட்டுரை எழுதியாயிற்று. அது அச்சானால் வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் இடம் உறுதி என்று அவளுடைய ஆராய்ச்சி கைடே சொல்லிவிட்டார்.

* இவற்றின் முட்டை காய்ந்தாலும் சாகாது. ஏரிச் சேற்றில் பல வருஷம் தூங்கும்.

3

ஒரு மதியம், தம்பியின் பக்கெட்டிலிருந்து ஒரு சொட்டு எடுத்து விளையாட்டாக மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அதே தெள்ளு. உயிரோடு.

“இத எங்கடா புடிச்ச?”

“மைன்ஸ் தண்ணி நிக்கிற பள்ளத்துலதான். ஒன் வலை நல்லா நைஸா இருந்துச்சு, எடுத்துக்கினு போனேன். அலசித்தான் காயப்போட்டேன்.”

“நான் மலைக்குப் போறதுக்கு முன்னாடியா, வந்ததுக்கப்புறமா?” முன்னாடி என்றால், பாட்டிலில் இருப்பது இந்தப் பள்ளத்திலிருந்து வலையில் ஒட்டிக்கொண்டு போனதாகவும் இருக்கலாம்.

அஷ்ஃபாக் மைன்ஸில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். எந்த ஒயரைத் தொடக் கூடாது என்று தெரிந்தவன். அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

“எப்பன்னு சொல்லணும்? நீயே சொல்லுக்கா. அப்பன்னே சொல்லிடறேன்.”

[இங்கே பேனாவை வைத்துவிட்டேன். தொடர்கதைக்காரனின் மொத்த அதிகாரத்தையும் ஒரே வாக்கியத்தில் அக்கா கையில் கொடுத்துவிட்டான். இனி அவன் எதைச் சொன்னாலும் சாட்சியாகாது.]

4

முடிவு அ: ‘அப்புறம்தான்’ என்கிறாள். கட்டுரை வருகிறது. விமானம் ஏறுகிறாள். ஜன்னலுக்கு வெளியே மேகம், மேகத்துக்குள் அந்த ஏரி...

(மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அவள் பாதியில் இறங்கிவிட்டாள்.)

முடிவு ஆ: மைக்ராஸ்கோப்பைத் தூக்கிச் சுவரில்...

(மாட்டாள். அது காலேஜ் சொத்து.)

அவள் செய்தது வேறு. கைடுக்குப் போன் போட்டு, கட்டுரையை நிறுத்தச் சொன்னாள். பாட்டிலில் இருப்பது பிணம். ஏரியில் செத்ததா, வலையிலேயே காய்ந்து வந்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏரியின் அடிச்சேறு சொல்லும். பழைய அடுக்கில் அந்தத் தெள்ளின் முட்டை இருந்தால், அவள் பிறப்பதற்கு முன்பே அது அங்கே குடியிருந்தது.

“இல்லாட்டி?” என்றான் அஷ்ஃபாக்.

“இல்லாட்டி, அந்த ஏரிக்குப் போன பறவை நான்தான்.”

5

சேறு வந்துவிட்டது. நீளக் குழாயில், மேலே கறுப்பு, கீழே வெளிறிய பழுப்பு. அடியிலிருந்து துளி எடுத்துக் கண்ணாடியில் பரப்பினாள். மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். எழுந்து தம்பியைப் பார்த்தாள்.

“நீ மொதல்ல பாரு.”

“எனக்கு பயமா இருக்குக்கா.”

எனக்கும்தான். முட்டை உண்டு என்று எழுதினால் நான் அவளுக்குப் பரிசு கொடுத்தவன். இல்லை என்றால் தண்டித்தவன். அந்தச் சேற்றுக்கு இரண்டுமே தெரியாது.

நாற்காலி காலியாக இருக்கிறது. இருவரும் உங்களைப் பார்க்கிறார்கள். உட்காருங்கள். ஃபோகஸ் குமிழ் வலது கைப்பக்கம். மெதுவாகத் திருப்புங்கள், முதலில் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும்.