கொட்டகைச் சுவரில் வாசல்

நியூ ஜெர்சியில் ஹென்றியின் பண்ணையில், ஜன்னல்கூட இல்லாத கொட்டகைச் சுவருக்குள் பசு நுழைந்து போனபோது அங்கே இருந்தவர்கள் ஐவர்: ஹென்றி, அவர் மகள் எமிலி, அவளைக் கல்யாணம் செய்துகொண்ட நவநீத், நவநீத்தின் அம்மா காமாக்ஷி, அப்பா அனந்தராமன். சுவர்ப் பலகையில் ஒரு விரிசல்கூட இல்லை. பசு உள்ளே நின்று அசைபோட்டது.

காரணம் கோலம். ஒட்டுத்துணிப் போர்வையின் ஒரு கட்டத்தைப் பெரிதாக வர்ணம் தீட்டிக் கொட்டகையில் மாட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். கல்யாண நினைவாக ஒன்று வேண்டுமென்று ஹென்றி கேட்க, காமாக்ஷி எட்டடிச் சதுரப் பலகையில் இழைக்கோலம் போட்டுக் கொடுத்தாள். கொட்டகையோ முழுக்கச் சிவப்பு. "காவி ஏற்கெனவே பூசியிருக்கு, நன்னாப் போச்சு" என்றாள். காவியும் கோலமும் சேர்ந்தால் அது வாசல். சுவர் அதை ஒப்புக்கொண்டுவிட்டது.

ஒரே மாதத்தில் விதி தெளிவாயிற்று. வெறுங்காலோடு போனால் வழி விட்டது. கோழிகள் போயின, வான்கோழி போயிற்று. லாடம் அடித்த குதிரை முட்டிக்கொண்டது. பூட்ஸைக் கழற்ற மறந்த ஹென்றிக்கு மூன்று முறை நெற்றி வீங்கியது. "சம்பாண்டி, இன்னிக்கு க்ளோஸ்டு!" என்று ஒவ்வொரு முறையும் கத்தினார். சம்பந்தி என்பது அவர் வாயில் அப்படித்தான் வரும்.

பொதுப்பணித்துறையில் செயற்பொறியாளராக இருந்த அனந்தராமனுக்குச் சிரிப்பு வரவில்லை. இருநூறு வருஷத்துச் சுவரில் புது வழி வைத்தால் பண்ணையின் பெயர் அரசாங்கத்தின் புராதனக் கட்டடப் பட்டியலிலிருந்து போய்விடும். சம்பந்தி வீட்டார் ஆறு தலைமுறையாகக் காத்ததை நம் வீட்டுக் கோலம் கெடுத்தது என்று வந்தால் கும்பகோணத்தில் எப்படித் தலைகாட்டுவது?

சுவரில் வழி வைத்துவிட்டதாக யாரோ புகார் எழுதிப் போட, அக்டோபரில் புராதனத் துறை ஆய்வாளர் அம்மாள் பூட்ஸோடு வந்து கோலத்தின் முன் நின்றாள். காமாக்ஷி வழக்கம்போல ஆரம்பித்தாள். "மேடம், ஷூஸ் மட்டும்…"

"காமு, சும்மா இரு!"

கலெக்டரையே செருப்பைக் கழற்ற வைத்தவர் அனந்தராமன். முதுகு வளையாமல், "மேடம், கீப் யுவர் ஷூஸ் ஆன்" என்றார்.

"ஏன்னா, உடம்பு சரியில்லையா?" என்றாள் காமாக்ஷி.

ஆய்வாளர் சுவரைத் தட்டினாள், தள்ளினாள், பூட்ஸ் காலால் ஓர் உதையும் விட்டாள். ஓக் பலகை அசையவில்லை. மாற்றம் ஏதுமில்லை என்று கையெழுத்திட்டாள். அவள் கார் திரும்பியதும் பசு வெளியே வந்தது.

அனந்தராமன் சம்பந்தியின் சுவரை உடைத்துக் கதவு வைத்தார் என்று பக்கத்து எடிசன் நகரத்துத் தமிழர்கள் இன்றும் சொல்கிறார்கள். தவறு. அங்கே கதவு கிடையாது, வாசல்தான் உண்டு. பக்கத்தில் செருப்பு அலமாரி வைத்தது மட்டும் அவர்.